13 லட்சம் சவரக் கத்தி: என் கணக்கில் நான் செய்த தப்பு

இன்னைக்கு மியூச்சுவல் ஃபண்ட் கிடையாது, வரி கிடையாது. போன வருஷம் நம்ம சேனல்ல நானே போட்ட ஒரு வீடியோவைத்தான் இன்னைக்கு ஆடிட் பண்ணப் போறேன். "தினமும் ஷேவ் பண்ணியே 13 லட்சம் சேமிக்கலாம்!" என்று தலைப்பு. தம்ப்நெயில்ல நான் ஒரு பழைய ஜெர்மன் சவரக் கத்தியைக் கையில் பிடிச்சுக்கிட்டு, ஏதோ புதையல் கிடைச்ச மாதிரி சிரிச்சிருப்பேன். பார்த்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

அந்தக் கணக்கு தப்பு. எங்கேயும் கூட்டல் தப்பு இல்லை. அதனாலதான் யாரும் கண்டுபிடிக்கலை.

எழுத வெச்சது ஒரு மின்னஞ்சல். முதல் வேலையில் இருக்கிற ஒரு பையன், சம்பளம் 19,000 ரூபாய். வீடியோவைப் பார்த்துட்டு, ஆன்லைன்ல ஒருத்தர்கிட்ட 7,500 ரூபாய்க்கு ஒரு பழைய கத்தி வாங்கியிருக்கார். கிரெடிட் கார்டுல, ஆறு மாச இஎம்ஐ. கத்தி வந்துச்சு, முடியை வெட்டலை, இழுத்துச்சு. தனக்குத்தான் பழக்கம் போதலைன்னு நினைச்சு அழுத்தியிருக்கார். அக்கா நிச்சயதார்த்தத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி தாடையில் நல்ல வெட்டு. போட்டோவுல பிளாஸ்திரியோட நிக்கறார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: "சார், நான் எங்க தப்பு பண்ணேன்?"

என் மேல கோபப்பட்டிருந்தா கூட ஈஸியா இருந்திருக்கும்.

சரி, வீடியோவுல நான் சொன்ன கணக்கு இதுதான். நான் அப்போ பயன்படுத்தினது அஞ்சு பிளேடு வெச்ச கார்ட்ரிட்ஜ். ஒண்ணு 180 ரூபாய், ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு. வருஷத்துக்கு 26, அதாவது 4,680 ரூபாய். கத்தி 4,600, ஷிப்பிங், சுங்க வரி, கூரியர்காரரின் கிளியரன்ஸ் கட்டணம் எல்லாம் 2,100, தீட்டுற தோல் வார் 2,400. மொத்தம் 9,100. ரெண்டு வருஷத்துக்குள்ள போட்ட காசு திரும்பிடும். அதுக்கப்புறம் மிச்சமாகிற மாசம் 390 ரூபாயை எஸ்ஐபியில் போட்டு, 12% வருமானம், 30 வருஷம்னு எக்செல்ல தட்டினா 13 லட்சத்து 76 ஆயிரம். தலைப்பு ரெடி.

முதல் ஓட்டை, செலவை முழுசா எழுதாதது. பழைய கத்தி வாங்கினவுடன் ஷேவ் பண்ண முடியாது. "ஷேவ் ரெடி"ன்னு விற்பவர் எழுதியிருப்பார். அது அவரோட கட்டைவிரல் நகம் சொல்றது, நம்ம தாடை சொல்றது இல்லை. தெரிஞ்சவர்கிட்ட அனுப்பி முதல் தடவை பதம் ஏத்தினதுக்கு கூரியரோட 1,100 ஆச்சு. வார் மட்டும் வெச்சு வருஷக்கணக்கா ஓட்ட முடியாது. வார் கூரைச் சீர்படுத்தும், அவ்வளவுதான். சில மாசம் ஆனா கல்லுலதான் தீட்டணும். அந்தக் கல்லு சமையலறைக் கத்தி தீட்டுற சொரசொர கல்லு இல்லை. 4,000, 8,000 கிரிட்னு சொல்வாங்க, தொட்டா கண்ணாடி மாதிரி இருக்கும். 4,800 ரூபாய். வாருல தடவுற பேஸ்ட், துரு பிடிக்காம இருக்க எண்ணெய், 400. இதெல்லாம் சேர்த்தா 15,400. வீடியோவுல நான் காட்டினது 9,100.

இதுல இன்னொண்ணு: முதல் வாரத்திலேயே புது வாரை வெட்டிட்டேன். வாருல இழுக்கும்போது கத்தியின் முதுகு முன்னாடி போகணும், கூர் பின்னாடி வரணும். திருப்பும்போது முதுகு மேலேயே புரட்டணும். நான் அவசரத்துல கூர் பக்கமா புரட்டினேன். நடுவுல ஒரு கீறல், இன்னும் இருக்கு.

முழுச் செலவைப் போட்டாலும், கார்ட்ரிட்ஜோட ஒப்பிட்டா மூணேகால் வருஷத்துல காசு திரும்பிடுது. அப்போ வீடியோ பெரிய தப்பு இல்லையேன்னு தோணும். எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. நிஜ ஓட்டை ரெண்டாவது.

நான் கத்தியை எதோட ஒப்பிட்டேன்? சந்தையிலேயே விலை கூடின கார்ட்ரிட்ஜோட. நம்ம அப்பா காலத்து ஷேவிங் செட், அந்த டப்பாவுல பிளேடு மாத்துற இரும்பு ரேஸர், என் எக்செல்ல ஒரு வரிசையா கூட இல்லை. அதைப் போட்டுப் பாருங்க. நல்ல உலோக ரேஸர் 600 ரூபாய், ஒரு தடவை. பிளேடு ஒண்ணு 4 ரூபாய். ஒரு பிளேடுல நான் நாலு ஷேவ் பண்றேன். வாரம் அஞ்சு ஷேவ், வருஷத்துக்கு 260 ஷேவ், 65 பிளேடு. 260 ரூபாய். வருஷத்துக்கு!

இப்போ கத்திக்கு நான் கூடுதலா போட்டது 15,400-ல 600 போக 14,800. அதனால மிச்சமாகறது வருஷம் 260. போட்ட காசு திரும்ப 57 வருஷம் ஆகும். எனக்கு 36 வயசு. 93 வயசுல பிரேக் ஈவன்.

பிளேடு விலை ஏறாதான்னு கேப்பீங்க. ஏறட்டும். அதே 14,800-ஐ 7% எஃப்டியில் போட்டா வருஷம் 1,036 ரூபாய். 30% வரி, செஸ் போனாலும் 712 கையில் நிக்கும். பிளேடு செலவு 260 தான். வட்டியிலேயே பிளேடு வாங்கி, ஷேவிங் கிரீமும் வாங்கி, மிச்சத்துக்கு மாசம் ரெண்டு டீ குடிக்கலாம், அசல் அப்படியே இருக்கும். பிளேடு விலை வருஷா வருஷம் 6% ஏறும்னு வெச்சு, எஃப்டி வட்டி வரி போக 4.8%-னு போட்டுப் பார்த்தேன்: 46 வருஷம். 82 வயசு. அதுக்குள்ள கை நடுங்க ஆரம்பிச்சா கத்தியை எடுக்கறதே ஆபத்து.

ஆக அந்த 13 லட்சம் கத்தியோட சேமிப்பே இல்லை. கார்ட்ரிட்ஜை விட்டதோட சேமிப்பு. அதுல பெரும்பகுதியை 600 ரூபாய் ரேஸரே கொடுத்திருக்கும். நான் அந்தப் பெருமையை எடுத்து கத்திக்குச் சூட்டிட்டேன். ஏன்னா 600 ரூபாய் ரேஸருக்கு தம்ப்நெயில் வராது. ஆமா, உண்மை அதுதான்.

இதே வித்தையை வேற எங்கே பார்த்திருக்கேன்னு யோசிச்சேன். எண்டோமென்ட் பாலிசி விற்க வர்றவர் அதை சேவிங்ஸ் அக்கவுண்ட் வட்டியோட ஒப்பிடுவார். டேர்ம் இன்ஷூரன்ஸும் பிபிஎஃப்பும் சேர்த்து எடுத்தா என்ன ஆகும்னு ஒரு வரி எழுத மாட்டார். அவரை நான் எத்தனை வீடியோவுல கிழிச்சிருக்கேன்!

ஈரோட்டுல எங்க வீட்டுப் பக்கத்துல சலூன் வெச்சிருக்கிற அண்ணன் ஒருத்தர் இருக்கார். எழுபது வயசு தாண்டிடுச்சு. நான் பத்தாவது படிக்கும்போது மீசை முளைச்சதை முதல்ல பார்த்து கிண்டல் பண்ணினவர் அவர்தான். பழைய கத்தியில் சவரம் செய்து பழகின கை. தீபாவளிக்குப் போனப்போ என் ஜெர்மன் கத்தியைக் கொண்டுபோய் காட்டினேன். வெளிச்சத்துல பிடிச்சு கூரைப் பார்த்தார், முன்கையில் நாலு முடியை வழிச்சுப் பார்த்தார், "நல்ல இரும்புங்க தம்பி"ன்னு சொன்னார். நான் விலையைச் சொன்னேன். அதுக்கப்புறம் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

அவர் தொழில் ஆரம்பிச்சப்போ மூணு கத்தி வெச்சிருந்தாராம். ஒண்ணு கையில், ஒண்ணு அடுத்ததுக்கு, ஒண்ணு ஓய்வுல. நாற்காலி கையில் வார் தொங்கும். ஒவ்வொரு ஆளுக்கும் நாலு இழுப்பு. ஒரு நாளைக்கு இருபது முகம். நான் மனசுக்குள்ள கணக்குப் போட்டேன்: வருஷத்துக்கு 300 நாள்னாலும் 6,000 முகம், பத்து வருஷத்துக்கு 60,000. அந்த மூணு கத்தி, ஒரு கல்லு, ஒரு வார் எல்லாத்தோட விலையையும் 60,000-ஆல வகுத்தா ஒரு சவரத்துக்கு சில பைசாதான். அதுதான் மூலதனச் செலவு. என்கிட்ட இருக்கிறது ஒரே முகம். லாரி வாங்கி வாரம் ஒரு தடவை காய்கறி வாங்கப் போற கதை என்னோடது.

"அப்புறம் ஏன் அண்ணே விட்டீங்க?"ன்னு கேட்டேன்.

"வேற என்னங்க தம்பி பண்றது? ஆளாளுக்குப் புது பிளேடு போடுன்னு கேக்க ஆரம்பிச்சாங்க. எய்ட்ஸ் பயம் வந்தப்புறம் எவன் பழைய கத்திக்கு முகம் காட்டுவான்? நமக்கும் நல்லதுதான். ராத்திரி கடை சாத்திட்டு ஒரு மணி நேரம் கல்லுல உக்காந்திருந்தேன் பாருங்க, அது மிச்சம்."

இப்போ அவர் கையில் இருக்கிறது நீங்க எல்லா சலூன்லயும் பார்க்கிற பிடிதான்: ஒரு பிளேடை ரெண்டா உடைச்சு, பாதியை மாட்டி, ஆளுக்கு ஒண்ணு. பார்க்க பழைய கத்தி மாதிரியே மடங்கும், ஆனா தீட்டுற வேலை இல்லை.

ராத்திரி ஒரு மணி நேரம்னு அவர் சொன்னது எனக்கு உறைச்சுது. என் எக்செல்ல நேரத்துக்கு ஒரு காலமே கிடையாது. இப்போ பழகினப்புறம் கத்தியில் எனக்கு 18 நிமிஷம் ஆகுது, வாருல இழுக்கறது, கழுவித் துடைச்சு எண்ணெய் தடவறது எல்லாம் சேர்த்து. பிளேடு ரேஸர்ல 7 நிமிஷம். வித்தியாசம் 11 நிமிஷம். 260 நாளுக்கு 47 மணி நேரத்துக்கு மேல. ஒரு வேலை வாரத்தை விட அதிகம். ஷேவ் பண்றதை ரசிக்கிறவருக்கு அது செலவே இல்லை, பொழுதுபோக்கு. ஆனா காசை மிச்சம் பிடிக்கத்தான் கத்தி வாங்கினேன்னு சொல்றவர் அந்த 47 மணி நேரத்தை எங்கேயாவது எழுதித்தான் ஆகணும்.

நூறு வருஷத்துக்கு முன்னாடியே இதைக் கணக்குப் போட்டவங்க இருக்காங்க. கிங் கேம்ப் ஜில்லெட் தன் ரேஸரை 1903-ல் சந்தைக்குக் கொண்டுவந்தப்போ அந்த வருஷம் விற்றது 51 ரேஸர், 168 பிளேடு. அடுத்த வருஷமே 90,000-க்கு மேல ரேஸர் போச்சு. எம்பிஏ வகுப்புல ஒரு கதை சொல்வாங்க: அவர் ரேஸரைச் சும்மா மாதிரி கொடுத்து, பிளேடுல காசு பார்த்தார்னு. நானும் ஒரு வீடியோவுல சொல்லியிருக்கேன். அதுவும் தப்பு. காப்புரிமை கையில் இருந்த காலத்துல அவரோட ரேஸர் விலை 5 டாலர். அன்னைக்கு ஒரு தொழிலாளிக்கு அது சின்னக் காசு இல்லை. 1921-ல் முதல் காப்புரிமை முடிஞ்சு போட்டி வர்ற நேரத்துலதான் விலையை இறக்கினாங்க. வீட்டுல ஏற்கெனவே நல்ல சவரக் கத்தி வெச்சிருந்த, அதைத் தீட்டவும் தெரிஞ்ச ஆட்கள் எதுக்கு 5 டாலர் கொடுத்தாங்க? ஜில்லெட் விளம்பரங்கள் திரும்பத் திரும்ப சொன்னதே அதைத்தான்: இனிமே வாரும் வேண்டாம், கல்லும் வேண்டாம். அவங்க காசு கொடுத்து விட்டொழிச்ச வேலையை, நான் காசு கொடுத்துத் திரும்ப வாங்கி, அதுக்கு சேமிப்புன்னு பேர் வெச்சேன்.

"சார், பழைய பொருள், விலை ஏறுமே, முதலீடுதானே?" இதுவும் நிறைய பேர் கேட்டது. ஜெர்மனியின் சோலிங்கன், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, இந்த ரெண்டு ஊர் முத்திரைக்கும் சேகரிப்பாளர்கள் மத்தியில் மவுசு உண்டு. சோலிங்கன்ல செய்யாத பொருளுக்கு அந்தப் பேரைப் போட்டுக்கக் கூடாதுன்னு ஜெர்மனி 1938-லேயே சட்டம் போட்டிருக்கு. ஆனா முத்திரை நல்லா இருந்தா கத்தி நல்லா இருக்கும்னு அர்த்தம் இல்லை. ஒவ்வொரு தடவை கல்லுல வைக்கும்போதும் இரும்பு தேயுது. பயன்படுத்தினா மதிப்பு குறையும், பயன்படுத்தாம வெச்சிருந்தா அப்புறம் சேமிப்புக் கதை எதுக்கு? விற்கணும்னா ஆள் தேடணும், அவர் பேரம் பேசுவார். வரி விஷயமும் சொல்லிடறேன்: வருமான வரிச் சட்டப்படி, சொந்த உபயோகத்துக்கான அசையும் பொருள்கள் மூலதனச் சொத்து இல்லை, நகை, ஓவியம், சிற்பம் மாதிரி சிலதுதான் விலக்கு. அதனால உங்க ஷேவிங் கத்தியை லாபத்துல வித்தா மூலதன ஆதாய வரி வராது, நஷ்டத்துல வித்தா அந்த நஷ்டத்தை எதுலயும் கழிக்கவும் முடியாது. ரெண்டாவதுதான் நடக்கும். அப்புறம், தந்தப் பிடி போட்ட பழைய கத்தி யாராவது காட்டினா தொடாதீங்க. நம்ம நாட்டுல தந்தம் வாங்கறது விற்கறது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

மறந்துட்டேன், ஆடிட்டுக்கு வெளியூர் போறப்போ கத்தியை விமானத்துல கேபின் பையில் விட மாட்டாங்க. அதுக்காக ஒரு பிளேடு ரேஸரும் நான் தனியா வாங்கி வெச்சிருந்தேன். அந்த 600 ரூபாய் ரேஸர் என் பையிலேயே இருந்துச்சு, நான் வீடியோ எடுத்த அன்னைக்கும்.

அந்தப் பையனுக்குப் பதில் எழுதினேன். தப்பு உங்களோடது இல்லை, என் ஒப்பீடு தப்புன்னு. கத்தியை எனக்கு அனுப்பச் சொல்லி, 7,500-ஐயும் இஎம்ஐ வட்டி, ஜிஎஸ்டியையும் அவர் அக்கவுண்டுக்குப் போட்டேன். முதல்ல வேண்டாம்னார். இது உதவி இல்ல தம்பி, எங்க தொழில்ல முந்தைய வருஷக் கணக்குல பிழை இருந்தா சரிபண்ணித் திரும்ப வெளியிடணும்னு விதி இருக்கு, இண்ட் ஏஎஸ் 8-னு பேர், அதுதான் இதுன்னு விளக்கினேன். புரிஞ்சுதோ இல்லையோ, ஒத்துக்கிட்டார். இப்போ அவர் பக்கத்துக் கடையில் வாங்கின இரும்பு ரேஸர்ல ஷேவ் பண்றார்.

வீடியோவை நீக்கலை. நீக்கினா தப்பை மறைச்ச மாதிரி ஆயிடும். தலைப்பை மாத்திட்டேன், இந்தப் பதிவை மேலே பின் பண்ணியிருக்கேன், விவரத்துல புது எக்செல் இருக்கு. அதுல கார்ட்ரிட்ஜ், பிளேடு ரேஸர், கத்தி மூணுக்கும் தனித்தனி காலம் இருக்கு, நேரத்துக்கும் ஒண்ணு. உங்க விலையைப் போட்டுப் பாருங்க. நீங்க தினமும் ஷேவ் பண்ற ஆள் இல்லைன்னா, தாடி வெச்சு ட்ரிம்மர்ல ஓட்டற ஆளா இருந்தா, கார்ட்ரிட்ஜே கூட ஒண்ணும் பெரிய செலவு இல்லைன்னு வரும். சருமப் பிரச்சினை இருந்து டாக்டர் ஒண்ணு சொல்லியிருந்தா அதையே வெச்சுக்கங்க. 4,000 ரூபாய்க்காக முகத்தோட விளையாடாதீங்க.

என் கத்தியை நான் விற்கலை. ஞாயித்துக்கிழமை மட்டும் எடுக்கறேன். வெந்நீர், பிரஷ், நுரை, தோலை இழுத்துப் பிடிச்சு, கத்தியை முப்பது டிகிரி சாய்ச்சு, முடி வளர்ற திசையில். நுரையைக் கத்தி வழிக்கும்போது ஒரு மெல்லிய சத்தம் வரும், அது எனக்குப் பிடிக்கும். குடும்பக் கணக்குல 15,400-ஐ "சேமிப்பு உபகரணம்"னு எழுதியிருந்தேன். அதை அடிச்சு "பொழுதுபோக்கு"ன்னு மாத்தினேன். பக்கத்துல நின்னு பார்த்த வீட்டம்மா, "இதை நான் அன்னைக்கே சொன்னேன்"னு சொல்லிட்டு உள்ளே போயிட்டாங்க.

அந்தப் பையனோட கத்தியைப் பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ அண்ணன்கிட்ட காட்டினேன். கண்ணாடியைப் போட்டு ரொம்ப நேரம் பார்த்தார். கூர் நேரா இல்லாம நடுவுல உள்வாங்கியிருக்கு, நுனிகிட்ட சின்னதா ஒரு சில்லு பெயர்ந்திருக்கு. "இதுல யாரு சவரம் பண்ணாலும் வெட்டத்தான் செய்யும்"னார். வெச்சுட்டுப் போங்க, நேரம் கிடைக்கறப்போ கல்லுல போட்டுப் பார்க்கிறேன்னும் சொன்னார். கூலி எவ்வளவு அண்ணேன்னு கேட்டேன்.

"மொதல்ல பதம் ஏறுதான்னு பாக்கலாங்க தம்பி. நீங்க எதுக்கெடுத்தாலும் கணக்குப் போடறீங்க."